9 வாரம், 90 மணி நேரம்: வீட்டிலேயே செய்த ஆக்குபேஷனல் தெரபி

என் மகளுக்கு 6 வயது. செரிப்ரல் பால்சி, அதாவது மூளைப் பாதிப்பால் உடல் அசைவு சிக்கலாகும் நிலை. அதில் வலது பக்கம் மட்டும் பாதித்த ஹெமிப்ளீஜியா வகை. நடப்பாள், ஓடுவாள், வாய் ஓயாமல் பேசுவாள். வலது கைதான் பிரச்சினை. கட்டை விரல் உள்ளங்கைக்குள் மடங்கி, முஷ்டி இறுகி, கை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். இடது கை ஒன்றை வைத்தே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளப் பழகியிருந்தாள். போன கோடையில், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குகிற ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் துணையோடு 9 வாரம் வீட்டிலேயே தீவிரப் பயிற்சி கொடுத்தோம். எப்படி இருந்தது, கொடுத்த காசுக்குத் தகுமா, நாங்களும் செய்யலாமா என்று இதுவரை மூன்று அம்மாக்கள் கேட்டுவிட்டார்கள். ஆளுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதற்குப் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் இருப்பது நிலக்கோட்டை. நான் வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். இந்த 9 வாரத்துக்கு முன் இரண்டு வருடம், வாரத்தில் இரண்டு நாள் மகளை மதுரையில் ஒரு தெரபி சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், உள்ளே பயிற்சி 40 நிமிடம். அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பஸ்ஸில் தூங்கி எழுந்த பிள்ளை அந்த 40 நிமிடத்தில் பாதியை அழுதே கழித்துவிடுவாள். அங்கே மணி கோர்ப்பாள், வீட்டுக்கு வந்தால் வலது கை பழையபடி மடங்கிவிடும்.

அப்புறம் ஒரு ஏஜென்சியில் சிக்கினோம். பெயர் வேண்டாம். வீட்டுக்கே ஆள் அனுப்புகிறோம், 6 மாதத்தில் கை முழுதாகச் சரியாகிவிடும் என்று சொல்லி 12,000 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். வாரத்துக்கு ஒரு புது ஆள் வந்தார். ஒருவர் பாப்பா கதறக் கதற விரல்களை இழுத்து நிமிர்த்திவிட்டு, மணி பார்த்துக் கிளம்பினார். நான் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஐந்தாவது வாரத்தோடு நிறுத்திக்கொண்டோம், பணம் திரும்பவில்லை. வீட்டுக்கு ஆள் வந்தாலே அது வீட்டுப் பயிற்சி ஆகிவிடாது என்று அந்த 12,000 ரூபாயில்தான் எனக்குப் புரிந்தது.

அதன் பிறகுதான் இந்த 9 வாரத் தெரபிஸ்ட் மேடம் கிடைத்தார். திண்டுக்கல்லில் இருந்து தனி ஆளாக ஸ்கூட்டியில் வருகிறவர். அவர் பெயரையும் போடவில்லை, ஏற்கெனவே கை நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு திணறுகிறார். முதல் நாள் வந்தவர் பாப்பாவின் கையைத் தொடவே இல்லை. பாயில் உட்கார்ந்து டீ குடித்தபடி, காலையில் எழுந்ததில் இருந்து இரவு படுக்கும் வரை இவள் என்னென்ன செய்கிறாள், எதற்கு யாரைக் கூப்பிடுகிறாள் என்று ஒன்றரை மணி நேரம் கேட்டார். கேட்டுவிட்டு, "இந்த 9 வாரத்துல மூணே மூணு விஷயம்தான் எடுப்போம், எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் எழுத்து வேண்டும் என்றார். அவள் இடது கையால் நன்றாக எழுதுகிறாளே, நோட்டு நகர்வதுதானே சிக்கல், வலது கையால் நோட்டைப் பிடிக்க வைப்போம் என்றார் மேடம். நான் தயங்கித்தான் சொன்னேன்: பள்ளியில் பாத்ரூம் போனால் ஜட்டியை ஏற்றிவிட ஆயாவைக் கூப்பிட வேண்டியிருக்கிறது, அது போதும் எனக்கு. மூன்றாவதைப் பாப்பாவே சொன்னாள். அப்பத்தா மாதிரி பூக் கட்ட வேண்டும்.

என் மாமியார் 40 வருடமாகப் பூக் கட்டுகிறார். நிலக்கோட்டையில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இங்கே மார்க்கெட்டில் விடிவதற்குள் மல்லிகை மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஆனால் ஒரு கையால் பூக் கட்ட முடியாது. மேடம் யோசிக்கவே இல்லை, எழுதிக்கொண்டார். மூன்றுக்கும் எங்களையே 10க்கு மதிப்பெண் போடச் சொன்னார். இப்போது எவ்வளவு செய்கிறாள் என்று ஒரு மார்க், அது உங்களுக்கு எவ்வளவு திருப்தி என்று ஒரு மார்க். கனடாவில் உண்டாக்கிய முறை அது, கடைசியில் மறுபடி போடும்போது 2 மார்க் ஏறியிருந்தால் உண்மையான மாற்றம் என்று கணக்கு. எவ்வளவு செய்கிறாள் என்பதற்கு, ஜட்டிக்கு 2, நோட்டுக்கு 3, பூவுக்கு 1 போட்டோம்.

9 வாரம் என்பது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கார்டன் என்பவரின் குழு, இரண்டு கைகளையும் சேர்த்துப் பயன்படுத்தும் தீவிரப் பயிற்சி ஒன்றை உருவாக்கியிருக்கிறது. முதலில் அதை முகாம் மாதிரி வைத்துச் செய்தார்கள். பிறகு சின்னப் பிள்ளைகளுக்கு, அம்மா அப்பாவே வீட்டில் செய்யும்படி மாற்றி, ஒரு நாளைக்கு 2 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள், 9 வாரம் என்று 90 மணி நேரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வில் பிள்ளைகளின் கைகளில் முன்னேற்றம் தெரிந்தது. ஹெமிப்ளீஜியா பிள்ளைகளுக்கு நல்ல கையைக் கட்டிப்போட்டுவிட்டு மற்றதை வேலை வாங்கும் முறையும் உண்டு. இரண்டையும் ஒரே அளவு நேரம் கொடுத்துப் பார்த்ததில் கைத்திறன் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கூடியது என்கிறார்கள். எங்களுக்கு வேண்டிய மூன்றும் இரண்டு கை வேலை என்பதால் கையைக் கட்டவில்லை.

அன்று இரவு ஒரு கணக்குப் போட்டேன். மாதம் 8 தடவை, தடவைக்கு 40 நிமிடம் என்றால் 5 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. அந்த வேகத்தில் மதுரைக்குப் போய் 90 மணி நேரம் சேர்க்க ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஆகியிருக்கும், பஸ் நேரம் தனி.

சித்திரை பிறந்த மறுவாரம் தொடங்கினோம். முதல் வாரம் ஐந்து நாளும் மேடம் வந்தார், அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு நாள். மற்ற நாட்களில் நாங்கள்தான். காலையில் நான் அரை மணி நேரம், மத்தியானம் அப்பத்தாவோடு ஒரு மணி நேரம், சாயங்காலம் அவள் அப்பா அரை மணி நேரம். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் யார் எத்தனை நிமிடம் என்று குறித்து, மிஷின் டிராயரில் போட்டு வைத்தேன்.

மேடம் கொண்டுவந்த சாமான் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் அடுக்களையைத்தான் அலசினார். டபராவும் டம்ளரும் கொடுத்து ஆற்றச் சொன்னார், முதலில் அரிசி, பிறகு பச்சைத் தண்ணீர். மூடி இறுக்கமான டிபன் பாக்ஸ், பூரிக்கட்டை, இடியாப்ப உரல், என் டிச்சு பட்டன் டப்பா எல்லாம் வெளியே வந்தன. நான் துணியை நறுக்கும்போது வலது கையால் ஓரத்தை இழுத்துப் பிடிப்பது அவள் வேலை ஆனது.

எனக்குப் பெரிய பாடம் ஒன்று கிடைத்தது. இரண்டு வருடமாக நாள் முழுக்க "வலது கை, வலது கை" என்று அவளை நச்சரித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அந்த வார்த்தையே இந்த 9 வாரம் வீட்டில் கேட்கக் கூடாது என்றார் மேடம். கை தானாக வருகிற மாதிரி வேலையை அமைக்க வேண்டும். பெரிய பந்தாகக் கொடுத்தால் இரண்டு கையும் வந்துதான் தீரும், சின்னப் பந்தைக் கொடுத்துவிட்டு வலது கையைத் தேடினால் எப்படி வரும் என்று கேட்டார். அப்புறம், உதவப் போகும் முன் மனதுக்குள் 10 வரை எண்ண வேண்டும். இந்த 10தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. ஏழாவது எண்ணும்போதே என் கை நீண்டுவிடும்.

அவித்த முட்டையைச் சொல்ல வேண்டும். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் காலை, முட்டையை வலது கையில் வைத்து இடது கையால் தோலை உரிக்க வேண்டும். இடது கை வேகமாக வேலை செய்யத் தொடங்கினால் வலது கை தன்னால் இறுகும், அது அவள் கட்டுப்பாட்டில் இல்லை. முதல் முட்டை உள்ளங்கையிலேயே நசுங்கி, மஞ்சள் கரு விரலிடுக்கில் வழிந்தது. பாப்பா என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் அடுத்த முட்டையை வைத்தேன். மேடம் சொல்லியிருந்தபடி முழங்கையை மேஜையில் ஊன்றி வைக்கச் சொன்னேன், கை கொஞ்சம் தளர்ந்தது. இடது கையை மெதுவாக்கினாள். ஒரு சில்லு, நிறுத்தம், மூச்சு, இன்னொரு சில்லு. 11 நிமிடம் ஆனது. உரித்து முடித்த முட்டையில் நான்கு பள்ளம் இருந்தது, அவள் விரல் பதிந்த இடங்கள். அதைத் தட்டில் வைத்து எல்லோரிடமும் காட்டிவிட்டுத்தான் தின்றாள். அந்த மாதம் எங்கள் வீட்டில் எத்தனை முட்டை வாங்கினோம் என்று கடைக்காரருக்குத்தான் தெரியும்.

பூ கதை வேறு மாதிரி. மல்லிகை மொட்டுக்குக் காம்பு சின்னது, வழுக்கும். அதனால் கூல்டிரிங்ஸ் ஸ்ட்ராவைத் துண்டு துண்டாக வெட்டி அதில் ஆரம்பித்தார்கள், பிறகு சம்பங்கி, கடைசியாகத்தான் மல்லிகை. நாருக்குப் பதில் முதலில் என் தையல் சாமானில் இருந்த தடித்த நாடா. சொல்லித்தருவதில்தான் சிக்கல் வந்தது. அத்தை இடது கையில் பூவைப் பிடித்து வலது கையால் முடிச்சுப் போடுகிறவர். பாப்பாவுக்கு வலது கை பிடிக்க வேண்டும், இடது கை சுற்ற வேண்டும். பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினால் எல்லாம் குழம்பியது. மூன்றாவது நாள் அத்தையே, "எனக்கு எதிர்ல வந்து உட்காரு, கண்ணாடியில பாக்குற மாதிரி பாத்து செய்" என்றார். சரியாக வந்துவிட்டது. மேடம் அடுத்த தடவை வந்தபோது இதைப் பார்த்து, தன் நோட்டில் எழுதிக்கொண்டார். 40 வருடம் கை பழகியவருக்கு உடனே தெரிந்த விஷயம் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. மதுரை சென்டருக்கு அத்தையைக் கூட்டிப் போயிருக்கவே மாட்டேன், வீட்டில் செய்ததால்தான் அவரும் உள்ளே வந்தார்.

இன்னொன்று, கேட்காமலே கிடைத்தது. கடையில், கோயிலில், சொந்தக்காரர் வீட்டில் இவள் இடது கையை நீட்டினால் "பீச்சாங்கையால கொடுக்காதே" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்கள். பிள்ளை சுருங்கிப்போவாள். மேடத்திடம் இதைச் சொல்லி அழுதேவிட்டேன். "இரண்டு கையாலும் கொடுக்கட்டும், இரண்டு கையாலும் வாங்கட்டும். அதை யார் தப்பு சொல்வாங்க?" என்றார். அன்றிலிருந்து வீட்டில் தட்டு, டம்ளர், சாவி எது கை மாறினாலும் இரண்டு கை. அவளுக்காக நாங்கள் எல்லோரும் அப்படியே செய்தோம். வைகாசியில் மாரியம்மன் கோயிலில் திருநீறு வாங்க இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். வலது உள்ளங்கை முழுதாக மேலே திரும்பாது, கத்தி மாதிரி பக்கவாட்டில்தான் நிற்கும். இடது கையை அதற்குக் கீழே கொடுத்துச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். பூசாரி எதுவும் கேட்காமல் போட்டுவிட்டு அடுத்தவரிடம் போனார்.

இனி குறைகள். வருகைக்கு 700 ரூபாய், 21 வருகை, ஆக 14,700. கட்டை விரலை வெளியே நிறுத்த ஒரு ஸ்பிளிண்ட் 2,500. அந்த ஸ்பிளிண்டின் வெல்க்ரோ மே மாத வெயிலில் மணிக்கட்டில் சிவப்புத் தழும்பு போட்டது. உள்ளே பழைய பருத்தித் துணியில் உறை தைத்துப் போட்ட பிறகுதான் தாங்கினாள், அதை மேடம் முதல் நாளே சொல்லியிருக்கலாம். சனிக்கிழமைகளில் முக்கால் மணி நேரம் தாமதமாக வருவார். அட்டவணை முழுக்க ஆங்கிலத்தில் கொடுத்தார், நான் தமிழில் எழுதிய பிறகுதான் அத்தைக்கு உதவியது. பள்ளிச் சீருடை தைக்கும் பருவம் அது, எனக்கு வருடத்தில் இரண்டு காசு பார்க்கிற மாதம். பாதி ஆர்டரைத் திருப்பி அனுப்பினேன். இந்தச் செலவை யாரும் ரசீதில் எழுத மாட்டார்கள், ஆனால் தொடங்கும் முன் நீங்கள் எழுதிப் பார்த்துவிடுங்கள்.

நான்காவது வாரம் எல்லாமே நின்றது. பாப்பாவுக்குக் காய்ச்சல், மூன்று நாள். காய்ச்சல் விட்ட பிறகும் டம்ளரைப் பார்த்தாலே கட்டிலுக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டாள். நான் விட்ட மணி நேரத்தைப் பிடிக்க வேண்டும் என்ற பதற்றத்தில் அவளை இழுத்து உட்கார வைத்தேன். கத்தினேன் என்றும் சொல்ல வேண்டும். போனில் வீடியோ அனுப்பியபோது மேடம் திட்டவில்லை, இரண்டு நாள் எதுவும் வேண்டாம், தெருவில் விளையாடட்டும் என்றார். மூன்றாவது நாள் சோப்புத் தண்ணீரும் இரண்டு வாளியும் துணி பிழிவதும் என்று முற்றத்துக்கு வேலையை மாற்றிவிட்டார். துணி பிழிவதைவிட நல்ல இரண்டு கை வேலை உண்டா?

கடைசியில் காலண்டர் தாள்களை எல்லாம் கூட்டினேன். 90க்கு 71 மணி நேரம் வந்திருந்தது. பள்ளி திறந்த பிறகான மூன்று வாரத்தில்தான் நிறைய விட்டுப்போனது. மார்க் மறுபடி போட்டோம். ஜட்டிக்கு 7, நோட்டுக்கு 6, பூவுக்கு 4. பள்ளியில் இப்போது ஆயாவைக் கூப்பிடுவதில்லை. வலது கை இடுப்புப் பட்டையில் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்கிறது, இடது கை இழுக்கிறது. அவள் பாவாடைகளுக்கும் அகலமான, தொளதொள எலாஸ்டிக் மாற்றித் தைத்துக்கொடுத்தேன், அதற்கும் இதில் பங்கு உண்டு. பூவில் சம்பங்கி ஒரு சாண் கட்டுகிறாள், மல்லிகை இன்னும் உருவிக்கொண்டுவிடும். கட்டை விரல் அவள் ஓடும்போதும் கொட்டாவி விடும்போதும் பழையபடி உள்ளே போகிறது. மணிக்கட்டு திரும்புவதில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. மூளையில் ஏற்பட்ட பாதிப்பு அப்படியேதான் இருக்கும், அது மேலும் பரவுவதும் இல்லை. அந்தக் கையை அவள் எவ்வளவு பயன்படுத்துகிறாள் என்பதைத்தான் நம்மால் கூட்ட முடியும் என்று மேடம் முதல் வாரமே சொல்லியிருந்தார். ஆறு மாதத்தில் முழுதாகச் சரியாக்குகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து பணத்தைக் கொடுக்காதீர்கள்.

யாருக்குப் பொருந்தும்? வீட்டில் உங்களைத் தவிர இன்னொரு பெரியவர் இருந்து, தினமும் நேரம் கொடுக்க முடிந்தால் தாராளமாகச் செய்யுங்கள். தனியாகப் பிள்ளை வளர்க்கிற, வேலைக்கும் போகிற அம்மாவை இந்த 2 மணி நேரத்துக்குள் தள்ள எனக்கு மனம் வராது. அவர்களுக்கு வேறு ஒன்று சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் அயோனா நோவாக் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் வீட்டில் கொடுத்த பயிற்சி சராசரியாக மாதம் 17 தடவை, தடவைக்கு 16 நிமிடம் போலத்தான். குடும்பமே இலக்கைத் தேர்ந்தெடுத்து, தெரபிஸ்ட் வழிகாட்டி, 8 வாரம் செய்ததில் அந்தப் பிள்ளைகளிடமும் நல்ல மாற்றம் தெரிந்தது. தென்காசி பக்கம் இருப்பவர்கள் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தில் கேளுங்கள், கிராமங்களில் வீட்டுக்கே போய்ச் சிறு பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். மற்றவர்கள் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் வரும் உங்கள் வட்டார வள மையத்திலும், அரசு மருத்துவமனையோடு சேர்ந்த மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்திலும் (DEIC) விசாரியுங்கள். மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீடு எடுக்காதவர்கள் எடுத்துவிடுங்கள், 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, செரிப்ரல் பால்சி அதில் வரும்.

எங்கள் பிள்ளைக்கு ஒரு கை நன்றாக இருக்கிறது, நடக்கிறாள், சொன்னால் புரிந்துகொள்கிறாள். நான்கு கைகாலும் பாதித்த பிள்ளைக்கு, உட்காரவே துணை வேண்டிய பிள்ளைக்கு இதே திட்டம் அப்படியே பொருந்தாது. அங்கே உட்கார வைக்கும் நாற்காலியில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும், இலக்கே வேறாக இருக்கும். எங்கள் அனுபவத்தை வைத்து உங்கள் பிள்ளையை அளக்க வேண்டாம்.

ஆள் தேடும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் வராத நாளில் நான் என்ன செய்யணும்?" பதில் சொல்லத் தெரிந்தவரை வைத்துக்கொள்ளுங்கள்.

காலாண்டு விடுமுறையில் தொடங்கி இன்னொரு சுற்று, இந்த முறை 3 வாரம் மட்டும், மேடத்திடம் சொல்லிவைத்துவிட்டோம். இலக்கைப் பாப்பா ஏற்கெனவே முடிவு செய்துவிட்டாள். தன் பொம்மைக்கு ரெட்டைச் சடை. அதற்கு மூன்று கால் நாடாவை இப்போதே வெட்டி ஜன்னல் கம்பியில் கட்டி வைத்திருக்கிறேன், போகும்போதும் வரும்போதும் அதை இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.